அரக்கு முத்திரையிட்ட முறுக்கு

கேட்காமலே போயிருக்கலாம். அந்தக் காலத்தில் திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு எத்தனையோ பேர் கேட்காமலேதான் போய்வந்தார்கள். தலையணைக்குள் அரிசியை நிரப்பி, அதன்மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டே சோதனைச் சாவடியைக் கடந்தவர்கள் உண்டு. இரண்டு வருடமாகக் கர்ப்பிணியாகவே இருந்து, பிள்ளையே பெறாமல் மிளகாய் வியாபாரம் செய்த ஒரு பெண்ணையும் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

மஹ்ரூப் அந்த வகை இல்லை. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன். கீழே நிற்கிறவர் கைகாட்டாமல் ஒரு மூட்டையைக்கூட அவன் மேலே எடுத்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். மழை வந்தால் குடையை விரிக்கலாமா என்று யாரிடமாவது கேட்டுவிட்டு விரிப்பான் என்று அவன் மனைவி ரபீக்கா சொல்லுவாள்.

எழுபத்துநான்காம் ஆண்டு. நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போகக்கூடாது என்று வீதிக்கு வீதி சாவடி. சீனி கூப்பனுக்கு மட்டும். இப்படியான ஒரு காலத்தில்தான் காலிமுகத்திடலில் பெரிய கார்னிவல் வந்திருக்கிறது என்ற செய்தி பள்ளிக்கூடத்து வழியாக மஹ்ரூபின் வீட்டுக்குள் நுழைந்தது.

"வாப்பா, ராட்டினம் ஒண்டு இரிக்காம். மேல போனா கப்பலெல்லாம் தீப்பெட்டி மாதிரித் தெரியுமாம்," என்றாள் மூத்தவள் றஹ்மா.

"நான் தினமும் பாக்கிற கப்பல்தானே மகள்."

"நீங்க பாக்கிறீங்க. நாங்க பாக்கல்லயே," என்றாள் இளையவள் நஜ்மு.

மஹ்ரூப் துறைமுகத்தில் லீவு கேட்டான். மேற்பார்வையாளர் யோசித்து, பெருமூச்சுவிட்டு, நோன்புக்குப் பிறகு பார்க்கலாம் என்றார். கார்னிவல் அதுவரைக்கும் இருக்குமா என்று இரண்டு பிள்ளைகளும் தினமும் விசாரித்தார்கள். இருக்கும் என்று தெரிந்ததும் ரபீக்கா ஆயத்தத்தில் இறங்கினாள்.

ரபீக்கா ஒரு வேலையை எடுத்தால் அதன் கடைசி முனைவரைக்கும் யோசிக்கிறவள். கொழும்பில் நாலு பேர் வயிறாரச் சாப்பிட அந்த நாளில் கடையில் ஒன்றும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பலகாரம் சுட்டுக்கொண்டுதான் போகவேண்டும். தோப்பூரில் வயல் செய்கிற தன் அண்ணன், காக்காவிடம் சொல்லி, மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி எடுப்பித்தாள். அது ஒரே மாவட்டம் என்பதால் குற்றமில்லை. வீட்டில் எல்லாரும் வெறுந்தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக் குடித்துச் சீனி சேர்த்தார்கள். குசினியில் மூன்று பிஸ்கட் தகரங்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டன.

"பஸ்ஸுக்குள்ள முறுக்கு. கார்னிவலுக்குள்ள அச்சுப் பணியாரம். திரும்பி வரக்குள்ள தொதல். தொதல் கெடாது," என்று அவள் பிள்ளைகளுக்குத் திட்டத்தை விளக்கினாள்.

மாவு வறுத்த வாசனை வீடு முழுக்கப் பரவியிருந்த ஒரு மாலையில்தான் மஹ்ரூபுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ரபீக்கா, முறுக்கு அரிசியா?"

"அரிசிமா."

"அரிசிமா எண்டா அரிசிதானே?"

"பொரிக்கிற வரைக்கும் அரிசிமா. பொரிச்சா முறுக்கு. இதில என்ன உங்களுக்குக் கஷ்டம்?"

இந்த விவகாரத்தில் அதற்குப் பிறகு வேறு எவரும் இவ்வளவு தெளிவாகக் கதைக்கவில்லை. ஆனால் மஹ்ரூபுக்கு அந்தத் தெளிவு போதவில்லை. "எதுக்கும் ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போவம்," என்றான். ரபீக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "கேக்காதீங்க," என்றாள். அவன் மறுநாள் போய்க் கேட்டான்.

உணவு நகர்வு ஒழுங்குபடுத்தல் பணிமனை, வெள்ளைக்காரக் கடற்படை விட்டுப்போன ஒரு கட்டடத்தில் இருந்தது. உள்ளே ஒருவரும் நகரவில்லை. உதவி ஆணையாளர் கனகசுந்தரம் மஹ்ரூபின் கேள்வியை முழுவதும் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"தம்பி, நான் இந்தக் கதிரையில இருக்கத் தொடங்கின நாள் முதலா, பிடிபட்டவன்தான் இந்த வாசலால வந்திருக்கிறான். பிடிபடாமலே வந்த முதல் ஆள் நீங்கள். இருங்கோ."

மஹ்ரூப் இருந்தான்.

"முறுக்கு எண்ட சொல் சட்டத்தில இல்லை. சட்டத்தில இல்லாத ஒண்டை அனுமதிக்க எனக்கு அதிகாரமில்லை. தடுக்கவும் அதிகாரமில்லை. ஆனால் ஆராய அதிகாரம் இருக்கு. விளங்குதோ?"

"அப்ப நான் கொண்டு போகலாமா ஐயா?"

"கேட்டபிறகு எப்பிடிக் கொண்டு போறது? கேக்காமல் கொண்டு போயிருந்தால் அது வேற கதை." கனகசுந்தரம் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கு மாதிரிகளைக் கொண்டு வாங்கோ. மூண்டு வகையிலயும்."

மறுநாள் மூன்று வகையிலும் மாதிரி போயிற்று. பரிசோதகர் தவராசா முதலில் முறுக்கைக் காதருகே வைத்து உடைத்துப் பார்த்தார். பிறகு கடித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மென்றார். "அரிசி இருக்கிறமாதிரித்தான் இருக்கு. ஆனால் ஒரு வாயால ஒரு முடிவுக்கு வரேலாது," என்றார். ஆகவே கணக்குப் பகுதியினரும் வாயால் உதவினார்கள். களஞ்சியப் பகுதியினரும் உதவினார்கள். தட்டெழுத்தாளர் அம்மா நாலு பணியாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வீட்டுச் சூழ்நிலையிலும் ஆராயவேண்டுமாம். மதியத்துக்குள் மாதிரிகள் எல்லாம் ஆய்வின்போது தீர்ந்துபோயின. முடிவு வரவில்லை.

"மாதிரி போதாது," என்றார் தவராசா, உதட்டில் ஒட்டியிருந்த தொதலைத் துடைத்தபடி.

மஹ்ரூப் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். ரபீக்கா மறுபடி அடுப்பை மூட்டினாள். இரண்டாவது மாதிரியும் போயிற்று. அந்த முறை எண்ணெய் கொஞ்சம் கூடிவிட்டதென்றும், நேர்மையான ஆராய்ச்சிக்கு அது இடைஞ்சல் என்றும் சொல்லப்பட்டது. தோப்பூருக்கு மறுபடி ஆள் அனுப்பவேண்டி வந்தது. காக்கா அரிசியோடு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார்: "மாப்பிள்ளைக்குக் கேக்காம ஒரு வேலையும் செய்யத் தெரியாட்டி, கொழும்புக்குப் போகலாமா எண்டு என்னட்டக் கேக்கச் சொல்லு. வேணாம் எண்டு சொல்லி முடிச்சிருப்பன்."

பிறகு கனகசுந்தரம் ஒரு புது யோசனை சொன்னார். அரிசி முறுக்காக மாறுகிற அந்தக் கணத்தைப் பணிமனை நேரில் காணவேண்டும். அதன்படி ஒரு நாள் பணிமனை முற்றத்தில் ரபீக்கா அடுப்பும் எண்ணெய்த் தாச்சியுமாக உட்கார, எதிரில் கதிரைகள் வரிசையாகப் போடப்பட்டன. வெயில் மண்டையைப் பிளந்தது. அதிகாரிகளுக்குக் குடை பிடிக்கப்பட்டது. ரபீக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முறுக்கு உரலில் மாவை அமுக்கினாள். மாவு எண்ணெயில் சுருண்டு விழுந்தது.

"இப்ப இது என்ன?" என்று கேட்டார் கனகசுந்தரம்.

"முறுக்கு ஐயா."

"சற்று முன்னம்?"

"மா."

"இடையில?"

ரபீக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இடையில கைய வச்சா சுடும் ஐயா."

தவராசா வெந்த முறுக்கொன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "சேர், இதுக்கு நடுவில வெற்றிடம் நிறைய இருக்கு. நிறுக்கேக்க இந்த வெற்றிடத்தையும் அரிசியாக் கணக்கெடுக்கிறதோ?"

எல்லாரும் ரபீக்காவைப் பார்த்தார்கள்.

"அது காத்து," என்றாள் அவள்.

"காற்றுக்கு நகர்வுக் கட்டுப்பாடு இல்லை," என்று கனகசுந்தரம் தீர்ப்புச் சொன்னார். அன்றைய முடிவு அது ஒன்றுதான். முறுக்கு முழுவதும் முற்றத்திலேயே முடிந்தது.

கார்னிவல் முடிய ஒரு கிழமைதான் இருந்தது. மஹ்ரூபின் லீவும் அதற்குள்தான். பிள்ளைகள் இப்போது ஒன்றும் கேட்பதில்லை. வாப்பா பணிமனையிலிருந்து வரும்போது அவன் முகத்தைப் பார்ப்பார்கள்; பார்த்துவிட்டு விளையாடப் போவார்கள். அது அவனுக்கு அழுகையை விடக் கஷ்டமாக இருந்தது. பலகாரமே வேண்டாம், வெறுங்கையோடு போகிறோம் என்று சொல்லக் கனகசுந்தரத்திடம் போனான்.

"அது ஏலாது தம்பி," என்றார் அவர் கவலையோடு. "பணிமனை இவ்வளவு தூரம் ஆராய்ஞ்ச பிறகு நீங்கள் வெறுங்கையோட போனால் அந்தப் பலகாரம் எங்க போனது எண்ட கேள்வி வரும். உங்களுக்காக ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கிறம்."

அந்த வழி இதுதான். மூன்று தகரங்களும் இங்கே நூல் கட்டி, அரக்கு முத்திரை வைக்கப்படும். கொழும்பில் உள்ள சகோதரப் பணிமனையில் அதிகாரி முன்னிலையில் திறக்கப்படும். வழியில் விற்கப்படவில்லை, குறையவில்லை என்று உறுதியானதும் குடும்பம் தாராளமாகச் சாப்பிடலாம்.

"வழியில தின்னலாமா ஐயா? சின்னப் புள்ளைகள்."

"தின்னுறதும் குறையிறதுதானே. எங்க போனது எண்டு கேட்டால்?"

"வயித்துக்குள்ள எண்டு சொல்லலாம்."

"அதுக்கு ஆதாரம்?" கனகசுந்தரம் அவன் தோளில் தட்டினார். "துறைமுக வேலை அரசாங்க வேலை எல்லோ தம்பி? முத்திரையைக் கவனமாப் பாருங்கோ."

ரபீக்கா கடைசி அரிசியையும் இடித்தாள். மூன்று தகரமும் நிரம்பின. தவராசா வீட்டுக்கே வந்து, சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார். நஜ்மு கிட்டப்போய் முகர்ந்து பார்த்தாள். அரக்கு மணந்தது.

அதிகாலை பஸ்ஸில் நாலு பேரும் மூன்று தகரமும் ஏறினார்கள். கப்பல்துறைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். காவலர்கள் கம்பியால் பைகளைக் குத்திப் பார்த்தார்கள். பின்சீற்றில் ஒரு பருத்த மனிதர் தன் தலையணையில் தலைசாய்த்துக் குறட்டை விட்டார். அவர் புரண்டபோது தலையணை சரசரவென்று சத்தம் போட்டது. நோயாளியை எழுப்பவேண்டாம் என்று காவலர் ஒருவர் அன்போடு சொன்னார்.

பிறகு மஹ்ரூபின் தகரங்களைக் கண்டார்கள்.

சட்டப்படி போகிற ஒரு பொருளை அந்தச் சாவடி அதுவரை கண்டதில்லை. முத்திரை உண்மையா என்று ஒருவர் சுரண்டப் போனார். இன்னொருவர் அவர் கையைத் தட்டிவிட்டார். மேலதிகாரிக்கு ஆள் போயிற்று. அவர் சைக்கிளில் வந்து, தகரங்களைச் சுற்றி நடந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இதை ஒருவரும் தொடக்கூடாது என்று உத்தரவிட்டுப் போனார். பஸ் வெயில் ஏறும்வரை நின்றது. பயணிகள் மஹ்ரூபைத் திட்டினார்கள். பருத்த மனிதர் கண்விழித்து, "கள்ளக் கடத்தல்காரரால நாடு கெட்டுப் போச்சு," என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஹபரணை தாண்டியதும் நஜ்மு மெதுவாகக் கேட்டாள்: "வாப்பா, ஒண்டு மட்டும்?"

"கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததும் முழுத் தகரமும் உங்களுக்குத்தான்."

கொழும்பில் சகோதரப் பணிமனையின் படலை பூட்டியிருந்தது. உள்ளே மர வாங்கில் படுத்திருந்த காவலாளி எழும்பி வந்தான்.

"சனி, ஞாயிறு. திங்க பௌர்ணமி, போயா லீவு. ஐயாமார் செவ்வாதான்."

"நாங்க நாளைக்கு இரவு திரும்பவேணும். இத மட்டும் துறந்து தந்தாப் போதும்."

காவலாளி படலைக் கம்பிகளுக்கிடையால் முத்திரையைப் பார்த்தான். பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான். "அம்மாடி! இதெல்லாம் நம்ம தொடக்கூடாது."

மறுநாள் கார்னிவல். வெளிச்சம், பாட்டு, கூட்டம். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் இரைந்தது. சாப்பாட்டுக் கடைகள் இருந்த வரிசையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும்தான் இருந்தன, அதற்கும் நெருக்கடி. நாலு பேரும் கிழங்கைத் தின்று தண்ணீர் குடித்தார்கள். தகரங்களை ஓர் இடத்திலும் வைக்க முடியவில்லை. கண்ணாடிக் கூடாரத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள். பூதக் கூடாரத்துக்குள் அவற்றைக் கண்டு பூதமே பயந்துவிடும் என்று வாசலில் நின்றவன் பகிடி விட்டான். ஆகவே மஹ்ரூப் ஒவ்வொன்றின் வாசலிலும் தகரங்களோடு நின்றான். ராட்டினம் மேலே போனபோது அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளின் உள்ளங்கால்கள்தான். கப்பல் தெரியுதா என்று கீழேயிருந்து கத்தினான். பாட்டுச் சத்தத்தில் அது அவர்களுக்குக் கேட்கவில்லை.

இறங்கியதும் நஜ்மு வாந்தி எடுத்தாள். கிழங்கு முழுவதும் வந்துவிட்டது. ரபீக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். பிறகு முதலாவது தகரத்தை இழுத்தெடுத்து, நகத்தை அரக்கின் கீழே கொடுத்தாள்.

"ரபீக்கா."

"நான்தான் உடைச்சன் எண்டு சொல்லுங்க. என்னைப் பிடிக்கட்டும். நான் பெத்த புள்ளைக்கு என்ட கையால சுட்ட முறுக்கைக் குடுத்தன். எங்க எழுதி இரிக்கு குடுக்கக்கூடாதெண்டு?"

மஹ்ரூப் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலை பறிபோய், பாரந்தூக்கிக் கூண்டுக்குள் தான் இல்லாத ஒரு காலையை அவன் நினைத்துப் பார்த்தான். அந்தக் காலையில் கீழே நின்று கைகாட்டுகிறவர் வேறு யாருக்கோ கைகாட்டினார். ரபீக்காவின் விரலில் நூல் இறுகியது. அரக்கில் மெல்லிய ஒரு வெடிப்பு விழப் பார்த்தது. ரபீக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். நகத்தை எடுத்துவிட்டாள்.

"உங்கட முகத்தப் பாத்துட்டு என்னால ஏலாது," என்றாள். தகரத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

முத்திரை குலையாமல் தகரங்கள் திரும்பிவந்த செய்தி பணிமனையைக் குலுக்கிவிட்டது. கனகசுந்தரம் மூன்று கிழமை ஆயத்தம் செய்து ஒரு வைபவம் வைத்தார். மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, மூன்று தகரத்துக்கும் மாலை போட்டு, மஹ்ரூபை முன்வரிசையில் இருத்தினார்கள். தவராசா கத்தரியால் நூலை வெட்டினார். மூடியைத் திறந்தார். முறுக்கு காறிப்போயிருந்தது. பணியாரம் நமுத்துப்போயிருந்தது. பெருநாள்வரைக்கும் கெடாத தொதலின் மேலே, தவராசாவின் சூடான அரக்கு மூடியிடுக்கால் வழிந்து பட்ட ஓரமாக, பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

கனகசுந்தரம் எழுந்தார்.

"அன்பானவர்களே! இந்த மூண்டு தகரமும் நாட்டைக் குறுக்கறுத்துப் போய் வந்திருக்கு. பக்கத்திலேயே பசித்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்திருக்கினம். ஒரு பிள்ளை வாந்தியும் எடுத்ததாம். இருந்தும் ஒரு முறுக்குக் குறையேல்லை. உணவு ஒருவருக்கும் போய்ச் சேராமல் காப்பாற்றுறதில எங்கட பணிமனை இவ்வளவு பூரணமான வெற்றியை இதுக்கு முன்னம் கண்டதில்லை!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

"பிடிச்சுத் தடுத்தால் சனம் கோவிக்குது. ஆனால் இந்தத் தம்பி காட்டின வழியில ஒருவரையும் பிடிக்கத் தேவையில்லை. தங்கட பசியைத் தாங்களே காவல் காப்பினம். வாற மாதம் முதல் மாவட்டத்தை விட்டு வெளியேறுற எல்லாப் பலகாரமும் இப்படித்தான் போகும். இதுக்கு மஹ்ரூப் திட்டம் எண்டு பெயர் வைக்கிறம்."

மஹ்ரூப் எழுந்து, வேண்டாம் ஐயா என்று சொல்ல வாயெடுத்தான். அவன் நன்றி சொல்ல எழுந்ததாக நினைத்து மறுபடி கைதட்டினார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியது. அடுத்த மாவட்டத்து ஏறாவூரில் கட்டிக்கொடுத்த தன் தங்கைக்குப் பணியாரம் அனுப்பவேண்டும் என்றாள் ரபீக்கா. சுட்டுத் தந்தாள். "இனி நீங்களாச்சு, உங்கட திட்டமாச்சு," என்று தகரத்தை அவன் கையில் கொடுத்தாள்.

பணிமனை வாசலிலிருந்து வரிசை கடற்கரை வீதிவரை வளைந்து கிடந்தது. கிண்ணியாக்காரர், மூதூர்க்காரர், சாம்பல்தீவிலிருந்து வந்த பெண்கள். எல்லாரும் வெயிலில் நின்றார்கள். மஹ்ரூப் கடைசியில் போய் நின்றான். அவனுக்கு முன்னால் நின்ற வயதான பெண்ணின் பெயர் பாக்கியரத்தினம். வவுனியாவில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம்.

"சரக்கு உருண்டை தம்பி. பிள்ளை பெத்தவள் திண்டால்தான் உடம்பு தேறும். இவங்கள் இதைப் பூட்டித் தந்தால், அங்க ஆர் துறக்கிறது? அதுக்கிடையில பேரன் நடக்கத் தொடங்கிடுவான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆரோ மஹ்ரூபாம். அவன்தானாம் இவங்களுக்கு இந்தப் புத்தியைக் குடுத்தது. அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்குமோ தெரியேல்லை."

முன்னால் நின்ற மீன்காரர் திரும்பினார். "ஆளக் கண்டாக் காட்டுங்க. நான் கதைக்கிறன் அவரோட."

"உங்கட பேர் என்ன தம்பி?" என்று பாக்கியரத்தினம் கேட்டாள். "கனநேரமாப் பக்கத்தில நிக்கிறீங்கள்."

மஹ்ரூப் தகரத்தைக் கை மாற்றிப் பிடித்தான்.

"ஸெய்னுதீன்," என்றான்.

"நல்ல பேர்," என்றாள் அவள். தன் குடையின் நிழலில் பாதியை அவன் பக்கம் சாய்த்தாள்.

அப்போது பணிமனையின் மேல்மாடி யன்னல் திறந்தது. கனகசுந்தரம் வரிசையின் நீளத்தைப் பெருமையோடு பார்த்துக்கொண்டே வந்தார். அவருடைய பார்வை கடைசியில் வந்து நின்றது. முகம் மலர்ந்தது. இரண்டு கையையும் யன்னலுக்கு வெளியே நீட்டினார்.

"மஹ்ரூப் தம்பி! நீங்கள் ஏன் வரிசையில? இது உங்கட திட்டமெல்லோ! மேல வாங்கோ!"

வரிசை முழுவதும் திரும்பியது. பாக்கியரத்தினம் குடையை மெதுவாகத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.